குழாய்நீரும் குடியுரிமையும்

மலையகத்தைக் களமாகக் கொண்ட சிறுகதைகளிலே மழை பெய்யாத கதை அரிது. கொழுந்துக் கூடையோடு நனைந்து நடுங்கி நிற்கும் பெண் நமது எழுத்தாளர்களுக்கு நன்கு பழகிய உருவம். ஆயின் அப்பெண் மாலையில் லயத்துக்குத் திரும்பியதும் குடத்தை எடுத்துக்கொண்டு எங்கே போகிறாள், அங்கே பீலியில் நீர் விழுகிறதா, விழவில்லையெனின் யாரைப் போய்க் கேட்பது என்ற வினாக்களை நமது கதைகள் பெரும்பாலும் எழுப்புவதில்லை. எழுப்பினாலும் அவை துன்பங்களின் நீண்ட பட்டியலில் ஒன்றாகக் கரைந்துவிடுகின்றன. துரையின் கொடுமைக்கு ஒரு முகம் உண்டு. கங்காணியின் சூழ்ச்சிக்கு ஒரு முகம் உண்டு. சந்தா வாங்கிக்கொண்டு மறைந்துவிடும் சங்கத் தலைவனுக்கும் முகம் உண்டு. தண்ணீர் வராமைக்கு மட்டும் முகம் இல்லை. முகமில்லாத குற்றவாளியைப் பாத்திரமாக்குவது கடினம் என்பதை நாம் மறுக்கவில்லை. அம்முகத்தைச் சட்டப் புத்தகங்களிலும் வர்த்தமானிகளிலும் தேடிப் பார்ப்பதும் விமர்சகனின் வேலைதான் என்று கருதியே இக்கட்டுரையை எழுதத் துணிந்தோம்.

பிறமொழி இலக்கியங்கள் இத்துறையில் நமக்கு முன்னே சென்றுவிட்டன. நோர்வே நாட்டு நாடகாசிரியர் இப்சன் 1882ஆம் ஆண்டில் எழுதிய ‘மக்களின் பகைவன்’ என்னும் நாடகத்தை மாணவர் பலர் அறிந்திருப்பர். ஒரு சிறு நகரத்தின் செழிப்பு அங்குள்ள நீராடு நிலையத்தை நம்பியிருக்கிறது. தோல் பதனிடும் தொழிலிலிருந்து கசியும் கழிவு அந்நீரில் கலந்திருப்பதை நிலையத்து மருத்துவர் கண்டுபிடிக்கிறார். நகர முதல்வர் அவருடைய உடன்பிறந்த அண்ணன். நிலையத்தை நிருவகிக்கும் குழுவுக்குத் தலைவரும் அவரே. முற்போக்குப் பேசும் பத்திரிகை ஆசிரியரும், வீட்டுரிமையாளர் சங்கத்தாரும் முதலில் மருத்துவருக்குக் கைகொடுக்கிறார்கள். குழாய்களை மாற்றும் செலவு வரியாகத் தம் தலையில் விழும் என்று தெரிந்ததும் ஒருவர் பின் ஒருவராக விலகிக்கொள்கிறார்கள். தனியொருவனது வீரத்தைப் பாடும் நாடகம் இது என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவது வழக்கம். எமக்கு அதில் வேறொன்று முக்கியமாகப் படுகிறது. ‘இது நமது நகரத்தின் சொத்து, இதைக் குறை கூறுபவன் நகரத்தின் எதிரி’ என்னும் வாதத்தை அங்கே ஆளுவோர் எவ்வளவு இலகுவாகக் கையாளுகிறார்கள்! பொதுச்சொத்து என்ற பெயரே பதில் சொல்லாமல் தப்பிக்கும் வழியாகிவிடுகிறது. சத்யஜித் ராய் இந்நாடகத்தை 1989இல் ‘கணசத்ரு’ என்னும் வங்கத் திரைப்படமாக்கியபோது, நீராடு நிலையத்தின் இடத்தில் ஒரு கோயிலின் தீர்த்தத்தை வைத்தார். குற்றம் சாட்டுவது அதனால் இன்னும் கடினமாயிற்று.

தமிழில் கோமல் சுவாமிநாதனின் ‘தண்ணீர் தண்ணீர்’ 1980இல் மேடையேறியது. மறு ஆண்டிலேயே பாலசந்தர் அதைத் திரைக்குக் கொண்டுவந்தார். அத்திப்பட்டி மக்கள் மனுக்கொடுத்துக் களைத்தவர்கள்; வாக்களிக்க மறுத்தும் பார்த்தவர்கள். ஓடி ஒளிந்து வந்த ஒருவன் தொலைவிலிருந்து வண்டியிலே தண்ணீர் கொண்டுவந்து கொடுக்கிறான். முடிவில் ஊரார் தாமே மண்வெட்டி எடுத்து வாய்க்கால் வெட்டத் தொடங்கும்போதுதான் அரசாங்கம் அத்திப்பட்டிக்கு வந்து சேருகிறது: அனுமதியின்றி வெட்டுவது சட்டவிரோதம் என்று சொல்வதற்காக! தண்ணீர் தரும் கடமை வரும்போது கண்ணுக்குத் தெரியாத அரசு, தடுக்கும் அதிகாரம் வரும்போது பொலிஸ் உடையில் தெரிகிறது. இந்த ஓர் உண்மையை மேடையில் நிறுத்திக் காட்டியமைக்காகவே, அந்நாடகத்தின் மிகையுணர்ச்சியை நாம் மன்னித்துவிடலாம்.

அத்திப்பட்டி வானம் பொய்த்த ஊர். சப்ரகமுவவின் நிலை அதுவன்று. இரத்தினபுரியில் ஆண்டுக்கு 3500 மில்லிமீற்றருக்கும் மேல் மழை பெய்கிறது. இத்தீவில் மிகுதியாக மழை பெறும் பகுதிகளுள் அது ஒன்று. சிவனொளிபாதமலைச் சாரலிலே தோன்றும் களுகங்கை இரத்தினபுரி நகரை அடிக்கடி வெள்ளத்தில் ஆழ்த்திவிட்டுக் களுத்துறையில் கடலைச் சேர்கிறது. களனிகங்கை கித்துல்கலை, எட்டியாந்தோட்டை, ருவான்வெல்லை வழியாக இறப்பர்த் தோட்டங்களின் காலடியில் ஓடுகிறது. அதே நீரை அம்பத்தலையிலே தடுத்து, வடித்து, குளோரின் சேர்த்து, மானி பொருத்திய குழாய்களின் வழியே கொழும்புக்கு விநியோகிக்கிறார்கள். மழைநீரில் ஒரு துளியும் வீணே கடலுக்குப் போகலாகாது என்று பராக்கிரமபாகு மன்னன் கட்டளையிட்டதாக நமது வரலாற்றுப் பாடநூல் கூறும். அதை மனனம் செய்து ஒப்புவிக்கும் தோட்டத்துப் பிள்ளை, காலையில் ஓடைக்குப் போய்வந்த காரணத்தால் முதற்பாடத்துக்குப் பிந்தி வந்தவளாக இருப்பாள். வரட்சியினால் வந்த தாகமென்றால் வானத்தைக் குறை சொல்லலாம். கால் நனைய ஆறு ஓடும் மாவட்டங்களிலே அந்தச் சாக்கு எடுபடாது.

தேசிய நீர்வழங்கல் வடிகாலமைப்புச் சபை என்னும் பொது நிறுவனம் 1974ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கச் சட்டத்தால் ஆக்கப்பட்டு, 1975 சனவரியில் இயங்கத் தொடங்கியது. அதற்குமுன் குடிநீர் விடயம் பொதுவேலைப் பகுதியின் ஒரு கிளையாக இருந்தது. 1965இல் உள்ளூராட்சி அமைச்சின்கீழ் வந்தது. 1970இல் தனித் திணைக்களமாயிற்று. சபையை ஆக்கிய சட்டத்தை இலக்கிய மாணவன் ஒரு செய்யுளைப் படிப்பதுபோல் ஊன்றிப் படித்தால் ஒரு தொடர் கண்ணில் தைக்கும். திறமையான, ஒருங்கிணைந்த நீர்வழங்கலை ஏற்படுத்தி நடத்துவது சபையின் கடமை என்று சட்டம் விதிக்கிறது. ஆனால் அக்கடமை எங்கே? ‘அதிகாரப் பிரதேசம்’ என்று அமைச்சர் கட்டளையிட்டு வரையறுக்கும் எல்லைக்குள்ளே. கோட்டுக்கு உள்ளே நிற்பவன் சபையைக் கேள்வி கேட்கலாம். வெளியே நிற்பவனுக்குச் சபை என்ற ஒன்று இருப்பதாகவே பொருளில்லை. கோட்டை ஏன் அவ்விடத்தில் நிறுத்தினீர்கள் என்று அமைச்சரைக் கேட்கும் வழியை அச்சட்டம் அவனுக்குத் திறந்து வைக்கவில்லை. 1978ஆம் ஆண்டு அரசியலமைப்பைப் புரட்டினால் ஆறுதல் கிடைக்குமா? அரச கொள்கையின் வழிகாட்டு நெறிகளைக் கூறும் 27ஆம் உறுப்புரையில் போதிய உணவு, உடை, உறையுள் என்று மூன்றும் அடுக்கி வருகின்றன. தண்ணீர் என்னும் சொல் அங்கில்லை. உணவுக்குள் அதுவும் அடங்கும் என்று வாதிடலாம். வாதிட்டும் பயனில்லை, அந்நெறிகளைக் கொண்டு நீதிமன்றம் ஏற இயலாது என்று 29ஆம் உறுப்புரை கதவைச் சாத்திவிடுகிறது.

இவ்விடத்தில் நம்மவரைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் அப்பால் செல்ல முடியாது. நீர்வழங்கற் சபையை உருவாக்கியது இடதுசாரிக் கட்சிகளும் பங்கு கொண்ட ஐக்கிய முன்னணி அரசாங்கம். தோட்டங்களை அரசுடைமையாக்கியதும் அதே அரசாங்கம். 1972ஆம் ஆண்டு நிலச்சீர்திருத்தச் சட்டம் தனியார் வசமிருந்த மேலதிக நிலங்களைக் கையேற்றது. 1975ஆம் ஆண்டுத் திருத்தம் பிரித்தானியக் கம்பனிகளின் தோட்டங்களைக் கையேற்றது. அத்திருத்தம் வருவதற்குச் சற்று முன்னர், அவ்வாண்டு செப்டெம்பரில், சமசமாஜிகள் அரசாங்கத்திலிருந்து வெளியேற்றப்பட்டார்கள் என்பதையும் நேர்மை கருதிக் குறிப்பிடுகிறோம். எவ்வாறாயினும், ஒரே ஆண்டிலே நாட்டின் நீரும் நாட்டின் தோட்டங்களும் மக்கள் சொத்து எனப்பட்டன. சனவரியில் சபை, ஒக்டோபரில் தோட்டம். இவ்விரண்டையும் இணைக்க ஓர் அங்குலக் குழாய் போதியதாக இருந்திருக்கும்! இணைக்க வேண்டும் என்று சட்டத்தில் ஒரு வரியும் எழுதப்படவில்லை. தோட்டத்துத் தண்ணீர், துரை மாறி அரச அதிகாரி வந்த பின்னும், நிருவாகத்தின் தயவாகவே நின்றது. 1973, 74ஆம் ஆண்டுகளின் பஞ்சத்திலே தோட்டங்களில் மக்கள் பட்டினியால் மடிந்ததையும் இதனோடு சேர்த்து நினைத்துப் பார்க்க வேண்டும். அரசுடைமை என்பது உடைமையாளரின் பெயரை மாற்றிற்று. லயத்தில் இருப்பவனுக்கும் உடைமைக்கும் உள்ள உறவை மாற்றவில்லை. அம்மாற்றம் தானாகவே பின்தொடரும் என்று நம்பியது நமது இயக்கத்தின் பெரும் பிழையெனவே கருதுகிறோம்.

தோட்டம் நாட்டுக்குள் ஒரு தனி நாடாக வளர்ந்ததற்கு நீண்ட வரலாறு உண்டு. 1912ஆம் ஆண்டிலே தொழிலாளர் நோய்கள் பற்றியும் மருத்துவத் தேவைகள் பற்றியும் இயற்றப்பட்ட கட்டளைச் சட்டங்கள் லயங்களின் சுகாதாரத்தைத் தோட்ட நிருவாகியின் பொறுப்பாக்கின. அக்காலத்துக்கு அஃது ஒரு முன்னேற்றம் என்பதில் ஐயமில்லை. ஆயின் அதன் மறுபக்கம் என்ன? நாட்டின் மற்றைய மக்களுக்குச் சுகாதாரம் அரசாங்கத்தின் பொறுப்பாக வளர்ந்துகொண்டிருந்தபோது, தோட்டத்து மக்களுக்கு மட்டும் அது முதலாளியின் பொறுப்பாக உறைந்துபோயிற்று. 1930களின் பிற்பகுதியில் கிராமச் சங்கங்களுக்கு வாக்களிக்கும் உரிமை தோட்டத் தொழிலாளர்க்கு மறுக்கப்பட்டது. 1948இல் குடியுரிமை போயிற்று; அடுத்த ஆண்டில் பாராளுமன்ற வாக்கும் போயிற்று. 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டம் வந்தபோது, பிரதேச சபையின் பணத்தைத் தோட்டக் குடியிருப்புகளில் செலவிடச் சட்டம் இடந்தரவில்லை என்று பொருள்கொள்ளப்பட்டது. எத்தகைய விந்தை பாருங்கள்! இம்மக்கள் வாக்களித்துத் தேர்ந்த உறுப்பினன், தனக்கு வாக்களித்தவனின் வீட்டு வாசலுக்கு ஒரு குழாய் போட்டுக்கொடுத்தால் கணக்காய்வில் அகப்படுவான். 2018இல் அச்சட்டம் திருத்தப்படும்வரை முப்பது ஆண்டுகளுக்கு மேல் இந்நிலை நீடித்தது. திருத்தம் ‘செய்யலாம்’ என்ற கதவைத் திறந்தது. இப்பொழுது பிரதேச சபைகள் பணமில்லை என்கின்றன. அதுவும் பெரும்பாலும் உண்மையே.

தோட்டங்கள் 1992இல் மீண்டும் கம்பனிகளுக்குப் போயின. நிலம் போகவில்லை, அஃது அரசின் நிலமாகவே இருக்கிறது. 53 ஆண்டுக் குத்தகைக்கே கம்பனிகள் அதனை அனுபவிக்கின்றன. திறைசேரியின் செயலாளர் கையில் ‘தங்கப் பங்கு’ ஒன்றும் இருக்கிறது. எனவே லயத்து மண்ணுக்கு நிலவுடைமையாளர் இன்றும் அரசாங்கமே. குடியிருப்பு, குடிநீர், சுகாதாரம் முதலியவற்றைக் கவனிக்க அரசாங்கம், கம்பனிகள், தொழிற்சங்கங்கள் ஆகிய முத்தரப்பும் சேர்ந்த ஒரு நிதியம் அமைக்கப்பட்டது. பெருந்தோட்ட மனிதவள அபிவிருத்தி நிதியம் என்று அதனை இன்று அழைக்கிறோம். கிராமங்களின் நீர்த்திட்டங்களுக்கென 2014இல் தேசிய சமூக நீர்வழங்கல் திணைக்களம் பிறந்தது. ஆகவே நகரத்துக்குச் சபை, கிராமத்துக்குத் திணைக்களம், தோட்டத்துக்கு நிதியம், எல்லாவற்றுக்கும் மேலே பிரதேச சபை, அதற்கும் மேலே மாகாண சபை, உச்சியில் அமைச்சு. 2015இல் உலக வங்கி 165 மில்லியன் டொலர் கடன் கொடுத்த நீர்வழங்கல் சுகாதாரத் திட்டம் ஏழு மாவட்டங்களைத் தெரிந்தெடுத்தது. கேகாலையும் இரத்தினபுரியும் அவற்றுள் அடங்கும். அத்திட்டத்தில் தோட்டங்களுக்கும் இடம் வைக்கப்பட்டது. சில இடங்களில் நீரும் வந்தது. வந்த இடத்தில் மக்கள் மகிழ்ந்தார்கள் என்பதை மறைக்கவேண்டியதில்லை. ஆனால் கடன் கொடுத்தவருக்கு ஆங்கிலத்தில் ஒழுங்காக அறிக்கை போகிறது. கடனைத் தீர்க்கப்போகும் மக்களுக்கு, அவர்களுடைய மொழியில், அவர்களுடைய தோட்டத்துக் கணக்கு எங்கே தொங்கவிடப்பட்டிருக்கிறது?

பொறுப்பாளர் பலராக இருக்கும் இடத்திலே குழாய் உடைந்தால் நடப்பது யாதென்பதைத் தோட்டத்திலே வாழ்ந்தவர் அறிவர். தோட்டக் கந்தோருக்குப் போனால் நிதியத்தைக் காட்டுவார்கள். நிதியம் பிரதேச சபையைக் காட்டும். பிரதேச சபை நீர்வழங்கற் சபையைக் காட்டும். நீர்வழங்கற் சபை, இவ்விடம் எமது விநியோகப் பகுதியன்று என்று சொல்லும். ஒவ்வொருவரும் சொல்வது சட்டப்படி உண்மையாகவே இருக்கும்! தோட்டமும் கிராமமும் பின்னிக்கிடக்கும் எமது மாவட்டங்களில் இதனால் இன்னொரு கேடும் விளைகிறது. ஊற்று தோட்ட எல்லைக்குள் இருக்கும். தாங்கி கிராமத்திலே இருக்கும். சில இடங்களில் மறுதலையாக இருக்கும். கோடையிலே நீர் குறைந்தவுடன் பணியக் கணக்குத் தமிழனும் பக்கத்துக் கிராமத்துச் சிங்கள ஏழையும் ஒரே குழாயின் இரு முனைகளில் நின்று ஒருவரையொருவர் முறைத்துப் பார்க்கிறார்கள். இருவருக்கும் பதில் சொல்லவேண்டியவர் அவ்விடத்தில் இல்லை.

குடிசன மதிப்பீட்டாளர்களின் இலக்கணப்படி, 20 ஏக்கரும் அதற்கு மேலும் பரப்புடையதாய், 10 பேரோ அதற்கு மேலோ குடியிருந்து வேலைசெய்யும் தொழிலாளரைக் கொண்டதாய் உள்ள பெருந்தோட்டமே ‘தோட்டத்துறை’. பாதுகாப்பான குடிநீர் வசதியில் நகரத்தையும் கிராமத்தையும்விடத் தோட்டத்துறை மிகவும் பின்தங்கியிருப்பதை 2012ஆம் ஆண்டுத் தொகைமதிப்பும் அதன் பின்வந்த ஆய்வுகளும் காட்டின. அரசாங்கமே எண்ணிப் பார்த்து, அரசாங்கமே அச்சிட்டு வெளியிட்ட உண்மை இது. அறியாமையால் நேர்ந்த புறக்கணிப்பு என்று இனி எவரும் சொல்ல இயலாது. கொழும்பிலே நெருக்கமான ஏழைக் குடியிருப்புகளையும் சிங்களத்தில் ‘வத்த’ என்றே வழங்குவர். நீர்க் கட்டண அட்டவணையில் அத்தகைய தோட்டக் குடியிருப்புகளுக்குச் சலுகை வகுப்பு ஒன்று உண்டு. இரண்டும் ‘தோட்டம்’தான். நகரத்துத் தோட்டத்து ஏழைக்குக் கட்டணப் பட்டியல் வருகிறது. மலைத் தோட்டத்து ஏழைக்கு அதுவும் வருவதில்லை. பட்டியல் வர முகவரி வேண்டும். இணைப்புப் பெற வீட்டுரிமையைக் காட்டும் பத்திரம் வேண்டும். லயத்துக் காம்பராவுக்கு இரண்டும் இல்லை. கடிதமே தோட்டக் கந்தோர் வழியாகத்தான் வந்து சேர்கிறது. வாடிக்கையாளனாக இல்லாதவன் முறைப்பாட்டுப் புத்தகத்திலே எப்படி எழுதுவது?

சரி, கோட்டுக்குள்ளே இருப்பவனுக்காவது சபை பதில் சொல்கிறதா? சபையின் கணக்குகளைக் கணக்காய்வாளர் தலைமை அதிபதி ஆராய்கிறார். பாராளுமன்றத்தின் பொது முயற்சியாண்மைகள் பற்றிய குழு, ‘கோப்’ என்று செய்தித்தாள்கள் சுருக்கி எழுதும் குழு, அதிகாரிகளை அழைத்து வினவுகிறது. உற்பத்தியாகும் நீரில் ஏறத்தாழக் காற்பங்கு கசிந்தும் கணக்கில் வராமலும் போகிறது என்பது இவ்வழியாகவே நாடறிந்த செய்தியாயிற்று. இவ்விசாரணைகளை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. ஆயினும் அவை செலவழிந்த ரூபாவைப் பற்றிய விசாரணைகள். கிடைக்காத நீரைப் பற்றியவையல்ல. ஓர் ஊருக்கு ஏன் குழாய் போகவில்லை என்பது கணக்கேட்டிலே பதிவாகாத நட்டம். 2022 செப்டெம்பரிலும் 2023 ஆகஸ்டிலும் நீர்க்கட்டணம் உயர்த்தப்பட்டது. 2024இல் சற்றுக் குறைக்கப்பட்டது. ஏற்றமும் இறக்கமும் வர்த்தமானி அறிவித்தலாக வந்தன. மின்கட்டணம் உயரும்போது பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழு பொதுமக்களை அழைத்துக் கருத்துக் கேட்கிறது. அவ்வாணைக்குழுவின் தலைவரைப் பாராளுமன்றம் 2023 மே மாதத்தில் வாக்கெடுத்து நீக்கியதைப் பார்த்தவர்கள், அதன் சுதந்திரம் எவ்வளவு என்று சிரிக்கலாம். எனினும் மின்சாரத்துக்கு அப்படி ஒரு மன்றமாவது இருக்கிறது. 2002ஆம் ஆண்டின் ஆணைக்குழுச் சட்டத்தில் நீர்வழங்கலும் அட்டவணைப்படுத்தப்பட்டுள்ளது. அதை நடைமுறைக்குக் கொண்டுவரும் துறைச்சட்டம் மட்டும் இல்லை.

அச்சட்டம் ஏன் இல்லாமற் போயிற்று என்ற கதை நமது வாசகர்களுக்கு முக்கியமானது. 2003இல் நீர்ச் சேவைகள் சீர்திருத்த மசோதா ஒன்று கொண்டுவரப்பட்டது. தனியாருக்கு வழிதிறக்கும் மசோதா என்று தொழிற்சங்கங்களும் மக்கள் அமைப்புகளும் எதிர்த்தன, எதிர்த்தது சரியே. மாகாண சபைகளின் கருத்தைப் பெறாமல் அதனை நிறைவேற்ற இயலாது என்று உயர் நீதிமன்றம் தீர்மானித்தது, மசோதா கைவிடப்பட்டது. நாம் வெற்றி கொண்டாடினோம். கொண்டாடிய பின் வீட்டுக்குப் போய்விட்டோம். விற்பனையைத் தடுத்தவர்கள், ‘விற்காத நீருக்கு யார் யாரிடம் பதில் சொல்வது’ என்று தாமே ஒரு மசோதா எழுதி முன்வைத்திருக்க வேண்டும். இருபது ஆண்டுகளுக்கு மேலாயிற்று. அந்த இடம் வெறுமையாகவே கிடக்கிறது.

பொலிவியாவில் கொச்சபம்பா நகர மக்கள் 2000ஆம் ஆண்டில் தெருவில் இறங்கிப் பன்னாட்டுக் கம்பனியை விரட்டிய வரலாறு இடதுசாரி மேடைகளில் அடிக்கடி சொல்லப்படுவது. அதன் இரண்டாம் அத்தியாயம் அவ்வளவாகச் சொல்லப்படுவதில்லை. நீர் மீண்டும் பொது நிறுவனத்தின் கைக்கு வந்தது. நகரின் தென்புறத்து ஏழைச் சேரிகளுக்குக் குழாய் அதன் பின்னும் நெடுங்காலம் எட்டவில்லை. அங்குள்ளோர் லொறிக்காரனிடம் தண்ணீர் வாங்கிக் குடித்தார்கள். அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலத்து பிளின்ற் நகரத்தின் நீர்வழங்கலும் பொதுவுடைமைதான். 2014 ஏப்ரலில் செலவைக் குறைக்கவெனப் பிளின்ற் ஆற்றுநீருக்கு மாறினார்கள்; குழாய் அரிக்காதிருக்கச் செய்யவேண்டிய பரிகரிப்பைச் செய்யவில்லை; ஈயம் கரைந்து குழந்தைகளின் இரத்தத்தில் ஏறியது. நீர் நிறம் மாறி நாறுகிறது என்று கறுப்பின மக்கள் பெரும்பான்மையாக வாழும் அந்நகரத்தார் போத்தல்களை ஏந்திக்கொண்டு போய்க் காட்டியபோது, நீர் நல்லதே என்று அதிகாரிகள் சாதித்தார்கள். மக்கள் தேர்ந்த நகரசபையின் அதிகாரங்களை மாநில ஆளுநர் நியமித்த முகாமையாளர் ஒருவர் வைத்திருந்தார் என்பதை இங்கே கவனிக்க வேண்டும். தேர்தலும் தண்ணீரும் வேறுவேறு என்று எண்ணுவோர்க்குப் பிளின்றையும் எமது பிரதேச சபைச் சட்டத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டலாம்.

சப்ரகமுவ இடதுசாரிக்கு இவையெல்லாம் புதிய பாடமாக இருக்க நியாயமில்லை. 1934ஆம் ஆண்டின் வரட்சியில் மகாஓயாவும் களனியும் வற்றி, ஆற்றுப்படுகைகளில் தேங்கிய குட்டைகளிலே நுளம்பு பெருகியது. அடுத்து வந்த மலேரியாவில் கேகாலை மாவட்டமே மிகக் கொடுமையாகத் தாக்கப்பட்டது. சூரியமல் இயக்கத்து இளைஞர்கள் மருந்தும் உணவும் சுமந்துகொண்டு ஊர் ஊராகப் போனார்கள். அவர்கள் தருமம் செய்ததோடு நிற்கவில்லை. இம்மக்களின் உடல் இவ்வளவு நலிந்திருந்தது ஏன், வைத்தியசாலை ஏன் இல்லை என்று குடியேற்ற அரசாங்கத்தைப் பெயர் சொல்லிக் கேட்டார்கள். 1936இல் என். எம். பெரேரா ருவான்வெல்லையில் அரசாங்க சபைக்குத் தெரிவானது அந்தக் கேள்விகளின் பலத்தால்தான். பிற்காலத்தில் அமைச்சர்களான பின் அத்தகைய கேள்விகளைத் தம்மைநோக்கியே கேட்கும் வழக்கம் அவர்களிடம் வளரவில்லை.

கேட்கப்படாத கேள்வி நெடுநாள் தேங்கி நின்றால் என்ன ஆகும் என்பதை 2013 ஆகஸ்ட் 1ஆந் திகதி கம்பகா மாவட்டத்து வெலிவேரியாவில் கண்டோம். இறப்பர்க் கையுறைத் தொழிற்சாலை ஒன்றின் கழிவால் கிணற்றுநீர் கெட்டுவிட்டதென்று இரத்துபஸ்வல மக்கள் முறையிட்டார்கள், நல்ல தண்ணீர் கேட்டு வீதிக்கு வந்தார்கள், இராணுவம் அனுப்பப்பட்டது. மூவர் உயிரிழந்தனர், பாடசாலை மாணவனும் அவர்களுள் ஒருவன். அவர்கள் சிங்களக் கிராமத்தார். குடியுரிமையை எவரும் பறிக்காதவர்கள். தண்ணீர் கேட்டவனுக்குத் துப்பாக்கி பதில் சொல்லும் நாட்டிலே, இனம் ஒரு கவசமன்று என்பதை இருசாராரும் அறிந்துகொள்ள வேண்டும்.

வேறு வழி இல்லாமல் இல்லை. 1971இல் தோன்றிய தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்திலே 2004ஆம் ஆண்டளவில் பொறியியலாளர் சிலர் ‘கூடம்’ என்னும் முறையைக் கையாண்டு பார்த்தனர். பதவி வரிசையை ஒதுக்கி வைத்து, எல்லோரும் வட்டமாகச் சமமாக அமர்ந்து பேசுவது. அவ்வட்டத்துக்குள் கிராமத்தாரையும் கொண்டுவருவது. புதிய இயந்திரம் வாங்குமுன் பழைய குழாயைப் பழுதுபார்த்தால் என்ன என்று கிராமத்தார் கேட்கவும் பொறியியலாளர் கேட்டுக்கொள்ளவும் அதனால் இடமேற்பட்டது. மேலிருந்து வந்த அலை மேலோரின் மாற்றத்தோடு தணிந்துபோகக் கூடியது என்ற குறை அதற்கு உண்டு. பிரேசிலின் போர்த்தோ அலெக்ரே நகரில் 1989 முதல் குடியிருப்பாளர் கூடி வரவுசெலவை விவாதிக்கும் முறை நிலவியபோது, நகரசபைக்குச் சொந்தமான நீர்ப்பகுதியும் அந்த விவாதத்துக்கு உட்பட்டது. அது கூடத்தைவிட ஆழமாக வேரூன்றியது என்றே நினைக்கிறோம். ஏனெனில் அங்கே வட்டத்தைக் கூட்டியவர்கள் குடியிருப்பாளர்களே.

நமது கையில் இன்று இருக்கும் கருவி சிறியது. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டம் 2017 பெப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. அவ்வுரிமை பிரசைக்கு உரியது என்று சட்டம் சொல்கிறது. நாடற்றோராக எஞ்சியிருந்த இந்திய வம்சாவளியினருக்குக் குடியுரிமை கொடுத்த சட்டம் 2003இல்தான் வந்தது என்பதை நினைத்தால், இச்சொல்லின் எடை நமது மாணவர்களுக்கு விளங்கும். அவர்களுடைய பாட்டனார் இவ்விண்ணப்பத்தை எழுதியிருக்கவே முடியாது. தமிழில் எழுதித் தமிழில் மறுமொழி பெறும் உரிமையும் அரசியலமைப்பில் இருக்கிறது. சபைக்கும், பிரதேச சபைக்கும், அமைச்சுக்கும் ஒரே நாளில் ஒரே வினாக்களை அனுப்பலாம்: எமது தோட்டம் எவருடைய அதிகாரப் பிரதேசத்தில் இருக்கிறது, எமது ஊற்றுநீர் கடைசியாக எப்பொழுது பரிசோதிக்கப்பட்டது, பெறுபேறு என்ன, 2018ஆம் ஆண்டுத் திருத்தத்தின் பின் எமது பிரிவுக் குடிநீருக்குச் செலவிட்ட தொகை எவ்வளவு, வெளிநாட்டுக் கடன் திட்டத்தில் எமது தோட்டத்தின் பெயர் இருந்ததா, இருந்ததெனின் குழாய் எங்கே முடிகிறது. அரசோடு செய்துகொண்ட உடன்படிக்கையின்கீழ்ப் பொதுச்சேவை புரியும் தனியார் அமைப்புகளும் அச்சேவை மட்டில் இச்சட்டத்துக்குள் வருகின்றன. நிதியமும் கம்பனிகளும் அவ்வகுப்பில் அடங்குமா என்பதை நாம் இங்கிருந்து ஊகிக்க வேண்டியதில்லை, விண்ணப்பமே தீர்த்துவைக்கட்டும். தகவல் அலுவலர் 14 வேலை நாள்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். சொல்லாவிடின் குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு மேன்முறையீடு. அவரும் மௌனமாயிருந்தால் கொழும்பிலுள்ள ஆணைக்குழு. ஒரே கேள்விக்கு மூன்று கந்தோர்களிலிருந்து வரும் மூன்று பதில்களையும் ஒரே தாளில் ஒட்டி, பிரட்டுக் களத்துக்குப் பக்கத்திலும் கிராமத்துக் கடை வாசலிலும் இரு மொழிகளிலும் தொங்கவிடுவதற்கு எவருடைய அனுமதியும் தேவையில்லை.